பாறைக்கிழவனை அடித்த ஞாயிற்றுக்கிழமை

போன வாரம் அவலூர்பேட்டையிலிருந்து செஞ்சிக்கு பஸ்ஸில் வரும்போது, பொழுது போகாமல் போனில் ஒரு சண்டை விளையாட்டை இறக்கினேன். எடுத்தவுடன் ஒரு பூதம் வந்து நின்றது. இதை எப்படி அடிப்பது என்று யோசிப்பதற்குள் மூலையில் ‘ஆட்டோ’ என்று ஒரு பட்டன் மின்னியது. அமுக்கிவிட்டு, கண்டக்டரிடம் டிக்கெட் வாங்கித் திரும்பினால் பூதம் செத்துக் கிடக்கிறது. வீரன் என்று எனக்குப் பட்டம் வேறு. இவ்வளவு கூச்சமாக நான் எதையும் ஜெயித்ததில்லை.

உங்களுக்குப் பழைய மானிட்டரின் வாசனை நினைவிருக்கிறதா? சூடேறிய தூசியும் பிளாஸ்டிக்கும் கலந்த வாசனை. செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த பிரவுசிங் சென்டரில் எனக்கு முதல் வேலை கிடைத்தபோது, அந்த வாசனை சட்டையிலேயே ஒட்டிக்கொண்டு வீடு வரைக்கும் வரும். ஹால் டிக்கெட் எடுத்துக் கொடுப்பது, ரேஷன் கார்டு விண்ணப்பம் அடிப்பது, இதுதான் வேலை. ஞாயிற்றுக்கிழமை மதியம் கூட்டம் இருக்காது. அப்போது ஓனர் பாஸ்கர் அண்ணன் எங்களை ஆட விடுவார்.

எங்களை என்றால் மூன்று பேர். பி.எட். படித்துக்கொண்டிருந்த ஸ்டெல்லா, மோட்டார் காயில் கட்டும் ஏழுமலை, நான். நாலாவது ஆள் ‘குருவி’. அது விளையாட்டில் வைத்துக்கொண்ட பெயர். ஏதோ ஒரு ஊரிலிருந்து ஆங்கில எழுத்தில் தமிழ் தட்டும். ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாது. ஆனால் ஒரு ஞாயிறு தவறாது.

விளையாட்டில் ஒரு மலை. மலை உச்சியில் ஒரு கல் அரக்கன். அவனுடைய ஆங்கிலப் பெயர் எங்கள் வாயில் நுழையாததால் பாறைக்கிழவன் என்று வைத்துவிட்டோம். கேடயத்தோடு முன்னால் நின்று அடி வாங்குவது ஸ்டெல்லா. அவளுக்கு உயிர் ஏற்றும் வைத்தியன் ஏழுமலை. நான் வில்லாளி, எப்போதும் முந்திக்கொண்டு அம்பு விட்டுத் திட்டு வாங்குபவன். குருவி நெருப்பு மந்திரம் போடும்.

கிழவனின் உயிர் கொஞ்சூண்டு மிச்சமிருக்கும்போது அவன் தரையை ஓங்கி மிதிப்பான். அந்த நேரத்தில் எல்லோரும் தூணுக்குப் பின்னால் ஓடிவிடுவோம். ஸ்டெல்லா மட்டும் நகரக் கூடாது. நகர்ந்தால் கிழவன் எங்கள் பக்கம் திரும்பிவிடுவான். வைத்தியனும் ஓடிவிட்டால் அவளுக்கு உயிர் ஏற்ற ஆளேது? ஒவ்வொரு முறையும் அவள் சாவாள். பின்னாலேயே நாங்களும். மறுபடி அடிவாரத்திலிருந்து ஏற வேண்டும். இதற்கிடையில் கரண்ட் வேறு போகும்.

இப்படியே மாதக்கணக்கில் தோற்றுக்கொண்டிருந்தபோதுதான் அறிவிப்பு வந்தது: வரும் ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு மணியோடு இந்த விளையாட்டை மூடுகிறார்கள். அதற்கப்புறம் மலையும் இல்லை, கிழவனும் இல்லை.

அந்த ஞாயிறு மதியம் நாங்கள் உட்கார்ந்ததும் கரண்ட் போனது. லைனில் வேலையாம், ராத்திரிதான் வருமாம். யு.பி.எஸ். கொஞ்ச நேரம் கத்திவிட்டு அடங்கியது. “வுடுங்க, கேம்தானே” என்றேன் நான்.

“தோத்தவங்களாவே மூடிட்டுப் போறதா? முடியாது” என்றாள் ஸ்டெல்லா. பக்கத்துக் கல்யாண மண்டபத்தில் காதுகுத்து. ஜெனரேட்டர் ஓடும் சத்தம் கேட்டது. எழுந்து நேராக அங்கே போனாள். வாசலில் சந்தனம் பூசிக்கொண்டு நின்றவர், குழந்தையின் தாய்மாமன்.

“அண்ணே, மூணு கம்ப்யூட்டர் ஓடற அளவுக்கு கரண்ட் குடுக்கறீங்களா?”

“எதுக்கும்மா? பரிட்சையா?”

ஆமாம் என்று சொல்லியிருந்தால் முடிந்தது. ஸ்டெல்லாவுக்குப் பொய் வராது. “இல்லண்ணே. ஒருத்தன அடிக்கணும்.”

அவர் இரண்டடி பின்னால் போனார். “யாரம்மா?”

“கேம்ல ஒருத்தன். இன்னிக்கி வுட்டா அப்புறம் கெடைக்க மாட்டான்.”

அவர் சிரித்த சிரிப்பில் நெற்றிச் சந்தனம் உதிர்ந்தது. “கடைசிப் பந்தி முடியற வரைக்கும் எடுத்துக்க. அப்புறம் நிறுத்திடுவோம்.”

ஏழுமலை ஜன்னல் வழியாக ஒயர் இழுத்தான். குருவி உள்ளே காத்துக்கொண்டிருந்தது. முதல் முறை கிழவன் காலைத் தூக்கியதும் ஏழுமலை வழக்கம்போல ஓடினான். எல்லோரும் செத்தோம். ஸ்டெல்லா நாற்காலியோடு அவன் பக்கம் திரும்பினாள்.

“நீ ஏன் ஓடற?”

“அவன் காலத் தூக்கனா தன்னால கை போயிடுதுக்கா.”

“நான் நிக்கறேன்ல? நீயும் நில்லு. செத்தா ரெண்டு பேருமே சாவோம்.”

மறுபடி ஏறினோம். பக்கத்தில் மோர் வாளியின் சத்தம் கேட்டது. கடைசிப் பந்தி மோருக்கு வந்துவிட்டது. கிழவன் காலைத் தூக்கினான். நானும் குருவியும் தூணுக்கு ஓடினோம். ஏழுமலை ஓடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு ஒரே பொத்தானைத் தட்டிக்கொண்டிருந்தான். ஸ்டெல்லாவின் உயிர்க்கோடு நூலாக இளைத்தது, ஏறியது, மறுபடி இளைத்தது. அந்த நேரம் பார்த்துத் தாய்மாமன் உள்ளே வந்தார், நிறுத்தப் போகிறோம் என்று சொல்ல. திரையைப் பார்த்தவர் அப்படியே திரும்பி ஜன்னல் வழியாகக் கத்தினார்: “டேய், நிறுத்தாதடா! இன்னும் அடிச்சி முடிக்கல!”

நெருப்பும் அம்பும் ஒன்றாகப் போய் விழுந்தன. பாறைக்கிழவன் முழங்கால் மடங்கி, பொலபொலவென்று சரிந்தான். நாங்கள் போட்ட கூச்சலில் பாஸ்கர் அண்ணன் டீக்கடையிலிருந்து ஓடிவந்தார். ஏழுமலை அழுதான். வேர்வை என்று இன்றைக்கும் சாதிக்கிறான்.

மலை உச்சியில் நாங்கள் நால்வரும் உட்கார்ந்தோம். ‘இத்தன நாள் ஆடியும் என் பேர கேக்கவே இல்லியே’ என்று குருவி தட்டியது. ஸ்டெல்லா அவசரமாக ‘சொல்லு’ என்று அடித்தாள். குருவி எழுதிக்கொண்டிருப்பதற்கான மூன்று புள்ளிகள் துடித்தன. அப்படியே திரை கறுத்தது. ஜெனரேட்டர் ஓடிக்கொண்டுதான் இருந்தது; விளையாட்டை மூடிவிட்டார்கள். நாங்கள் மண்டபத்துக்குப் போய், எங்களுக்காக எடுத்து வைத்திருந்த சாப்பாட்டைச் சாப்பிட்டோம்.

ஸ்டெல்லா இப்போது சீயமங்கலம் பக்கம் டீச்சர். ஏழுமலை துபாயில். சென்டர் இருந்த இடத்தில் போன் கடை. செஞ்சிக் கோட்டையை ஆண்டவர்கள் போய் எத்தனையோ காலமாகியும் டிக்கெட் வாங்கினால் மேலே ஏறி, அவர்கள் நின்ற இடத்தில் நிற்கலாம். நாங்கள் ஜெயித்த மலைக்கு இடிந்த சுவர்கூட மிச்சமில்லை.