மூப்பர் வாய் திறந்த நேரம்

ஜெர்மனிச் சண்டைக்கு முந்தின வருஷம், தை அறுவடையின்போது, என் வீட்டுக்காரருக்குக் குளிர்காய்ச்சல் மூளைக்கு ஏறிவிட்டது. பெற்ற மகளையே தெரியவில்லை. அரிவாளைத் தூக்கிக்கொண்டு தெருவில் ஓடினார். பேய் என்றீர்கள். இன்று இந்தச் சபையில் என் சாட்சியைக் கேட்க உட்கார்ந்திருக்கும் நீங்கள்தான் சொன்னீர்கள். வண்டிக்கயிற்றால் அவரைக் குப்புறக் கட்டிப்போட்டுச் சுற்றி நின்று பாடினீர்கள். மருந்து கொடுப்பது அவிசுவாசம் என்றார் நம் சபை மூப்பர்.

சாயங்காலம் மூப்பர் தன் கையால் அவருக்குப் பால் புகட்டினார். கொஞ்ச நேரத்தில் அவர் அடங்கினார். "பாத்தியா, ஜெபத்துக்கு அடங்கிருச்சு" என்றார் மூப்பர். பாவி நானும் ஆமென் சொன்னேன்.

விடிந்ததும் முன்னைவிட மூர்க்கம். மூப்பர் மறுபடி பால் கொடுத்தார், இவர் அடங்கவில்லை. நான் அழுது ஆர்ப்பாட்டம் பண்ணி, அலங்காநல்லூரிலிருந்து மதுரை ஆஸ்பத்திரிக்கு வண்டி கட்ட வைத்தேன். மூப்பரும் ஏறிக்கொண்டார்.

நர்சம்மா முதலில் கயிற்றை அறுத்தார். நாலு பேர் பிடித்துக்கொள்ள, அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்தார். டாக்டர் ஊசியில் மருந்தை ஏற்றிவிட்டுக் கேட்டார்.

"இதுக்கு முன்னால எதாச்சும் குடுத்தீங்களா? அது உள்ள இருக்கையில இதப் போட்டா மூச்சு நின்னுரும்."

"ஜெபம் மட்டுந்தான், அய்யா" என்றார் மூப்பர்.

"பாலு குடுத்தாரு" என்றேன் நான்.

"வெறும் பாலு."

ஆனால் மூப்பர் என் முகத்தைப் பார்க்கவில்லை. டாக்டர் ஊசி போட என் வீட்டுக்காரர் கையைப் பிடித்தார். கர்த்தாவே, இந்த மனுஷன் வாயைத் திற என்று மனதுக்குள் கதறினேன்.

"பாலுல அபின் கரைச்சேன், அய்யா. காலையிலயும்" என்றார் மூப்பர்.

டாக்டர் ஊசியைக் கீழே வைத்துவிட்டார். வேறொரு மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தார். நர்சம்மா பொழுது சாயும்வரை என் வீட்டுக்காரர் தாடையைத் தூக்கிப் பிடித்து, மூக்கருகே விரல் வைத்து, மூச்சைப் பார்த்துக்கொண்டே இருந்தார். காய்ச்சலுக்குக் கொயினா மருந்து கொடுத்தார்கள். பிழைத்தார்.

அடுத்த அறுப்பின் பண்டிகையில் மூப்பர் இதே இடத்தில் நின்று, தன் ஜெபத்தால் பேய் ஓடியது என்று சாட்சி சொன்னார். அபினைப் பற்றி மூச்சு விடவில்லை. நீங்கள் அல்லேலூயா சொன்னீர்கள். கயிற்றுத் தழும்போடு என் புருஷன் கடைசி வரிசையில் கேட்டுக்கொண்டிருந்தார். இன்றும் வாசல் ஓரமாகத்தான் உட்காருகிறார்.

என் ஜெபம் கேட்கப்பட்டது. தேவனுக்கு ஸ்தோத்திரம். என் தாலி நிலைத்தது அவர் கிருபை. நீங்களும் அவரை நம்புங்கள், மனதார ஜெபியுங்கள். ஆனால் முழங்கால் போடுமுன் கட்டை அவிழ்த்துவிடுங்கள். டாக்டர் கேட்டால் கொடுத்ததைச் சொல்லிவிடுங்கள். மூப்பர் வாயைத் திறக்க ஆண்டவரே இறங்கி வர வேண்டியிருந்தது.