முப்பத்தைந்தாவது வளைவில் கால் சுற்று

2024 நவம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை, காலை மணி ஏழு பத்து. மலையடிவாரக் காரவள்ளியில் தூறல் நின்றிருந்தது. மலைக்கு மேலே மூட்டம். சாலை ஈரம், அதுவேறு எனக்குக் கவலை.

நாமக்கல்லில் கார்புரேட்டர் வேலை முடித்த என் பழைய காரில் சோளக்காட்டு வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் மாப்பிள்ளை. அவருடைய புது டர்போ காரை மகள் பின்னால் ஓட்டி வந்தாள். பழைய கார்கள் சேர்க்கும் சேலத்துக்காரர் ஒருவர் என் காருக்கு விலை கேட்டிருந்தார். எழுபத்திரண்டு வயதில் எழுபது வளைவு எதற்கு, கொடுத்துவிடுங்கள் என்றாள் மகள். இரண்டு காரையும் இதே மலையில் ஓட்டிப் பார்ப்போம், ஆக்ஸிலேட்டரை மிதித்ததும் எது முதலில் பதில் சொல்கிறது பார்ப்போம் என்றேன் நான். என் கார் தோற்றால் அன்றைக்கே சாவி சேலத்துக்குப் போய்விடும்.

தோற்காது என்று நம்பியிருந்தேன். இந்த மலைக்கு யூனியன் ஆபீஸ் வேலையாக வந்த இரண்டாம் வருடம் வாங்கியது. ரேஸ் பைத்தியம் பிடித்த பையன்கள் தேடித் திரிந்த வண்டி அது. இரண்டு கார்புரேட்டர். வளைவில் இரண்டாவது கியர் போட்டு மிதித்தால், மனசுக்குள் 'ஒன்று' சொல்லி முடிப்பதற்குள் முதுகு சீட்டோடு ஒட்டும். என் கால் கட்டைவிரலுக்கும் என்ஜினுக்கும் நடுவே ஒரு கம்பிதான். அந்தக் கம்பியின் நடுக்கம்கூடக் காலில் தெரியும். மனைவி பக்கத்துச் சீட்டில் எலுமிச்சம்பழத்தை முகர்ந்தபடி கண்ணை மூடி வருவாள். மூடிய கண்ணோடே வளைவுகளை எண்ணுவாள். நானும் எண்ணுவேன். இருபத்தாறு வருடத்தில் இரண்டு கணக்கும் ஒருமுறைகூட மாறியதில்லை. அவள் போய் ஆறு வருடம்.

முப்பது வளைவு வரை 'ஒன்று'க்குள் பதில் வந்தது. மாப்பிள்ளையிடம் ஒவ்வொரு தடவையும் சொன்னேன்.

"பார்த்துட்டுத்தானுங்க மாமா வாரேன். ரோட்டையும் கொஞ்சம் பாருங்க" என்றார்.

நாற்பத்தொன்றில் மேலிருந்து பஸ் வந்தது. நின்று, பிறகு மிதித்தேன். ஒன்று. இரண்டு. என்ஜின் இருமியது. பின்கண்ணாடியில் மகளின் காரே தெரியாத அளவுக்குக் கறுப்புப் புகை. ஐம்பதில் மூன்று வரை எண்ணினேன்.

சோளக்காட்டுச் சந்தைக்கு எதிரே மெக்கானிக் பட்டறை. இந்த மலைக்காரர், மிளகுத் தோட்டம் போக மிச்ச நேரத்தில் ஸ்பேனர் பிடிப்பவர். பானெட்டைத் திறந்தவர் மூக்கைச் சுளித்தார்.

"ஏனுங்க சார், பாதி மலையில நிறுத்தித் திருப்பலீங்களா? கீழ்நாட்டுக் காத்துக்கு வச்ச அளவோட மேல ஏறுனா, பெட்ரோலைக் குடிச்சிட்டு மூச்சு முட்டாதுங்களா?"

மலைமேல் காற்று லேசு. கீழே டியூன் செய்த கார்புரேட்டருக்கு முப்பத்தைந்தாவது வளைவில் நின்று, பெட்ரோல் குறையும்படி ஸ்க்ரூவைக் கால் சுற்று உள்ளே திருப்ப வேண்டும். இந்த மலையில் பழைய வண்டி வைத்திருந்த எல்லோரும் செய்வது. நானும் எத்தனையோ தடவை செய்தது. அன்று நொடிகளை எண்ணிக்கொண்டே வந்ததில் முப்பத்தைந்தில் நிற்க மறந்துவிட்டேன். யோசித்தால், நானாக அதை ஒருநாளும் நினைவு வைத்திருந்ததில்லை. "முப்பத்தஞ்சு ஆச்சு, இறங்குங்க" என்று கண்ணைத் திறக்காமலே அவள்தான் சொல்வாள்.

மெக்கானிக் இரண்டு ஸ்க்ரூவையும் திருப்பினார். வாசலூர்பட்டி ரோட்டில் மிதித்தேன். 'ஒன்று' பாதியில் இருக்கும்போதே வண்டி பாய்ந்தது.

பிறகு மாப்பிள்ளையின் கார். மிதித்தேன். ஒன்று முழுசாக முடிந்தது, அப்புறம் வெள்ளம் மாதிரி இழுத்தது. பலம் என் காரைப்போல இரண்டு மடங்கு இருக்கும். ஆனாலும் கேட்டுவிட்டு யோசித்துத்தான் கொடுக்கிறது.

"இதுல காத்துக்குத் தக்க எதைத் திருப்பணும்?" என்றேன்.

"ஒண்ணும் வேண்டாமுங்க மாமா. கம்ப்யூட்டரே பார்த்துக்கும்."

யாரும் ஞாபகப்படுத்த வேண்டாத வண்டி. நல்ல வண்டிதான்.

வீட்டுக்கு வந்ததும் சாவியை மேஜைமேல் வைத்தேன். பந்தயத்தில் வண்டி தோற்கவில்லை, நான்தான் மறந்தேன், முடிவை நீயே சொல் என்றேன் மகளிடம்.

"மறக்காம இருப்பீங்களா?" என்றாள்.

"இருக்க வழி பண்றேன்."

"அப்ப வச்சுக்கங்கப்பா. சேலத்துக்காரர்கிட்ட நான் பேசிக்கறேன்" என்று சாவியை என் பக்கம் தள்ளினாள்.

மறுநாள் செம்மேட்டில் நம்பர் பிளேட் எழுதுகிறவரிடம் 35 என்று பெரிதாக ஒரு ஸ்டிக்கர் வெட்டி வாங்கினேன். டாஷ்போர்டில் என் மனைவி உட்கார்ந்து வந்த பக்கம் ஒட்டியிருக்கிறேன். நாற்பது ரூபாய்.