ஊற்றிலிருந்து கையெடுத்த ஒன்பது நாள்

பதினோரு வீடுகளின் குடிதண்ணீரை நான் கெடுத்தேன். அதைச் சொல்லாமல் கர்த்தர் எனக்குச் செய்ததைச் சொல்ல முடியாது. ஆகையால், என்னோடு விசுவாசிக்கிறவர்களே, முதலில் என் தவற்றைக் கேளுங்கள். உடம்பு இன்னும் தேறவில்லை. எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கொல்லிமலையில் அரியூர் நாட்டுச் சிற்றூர் ஒன்றில் நான் மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார். இண்டர்மீடியட் தேறியவன், வயது இருபத்துமூன்று. எதையும் இன்றைக்கே முடித்துவிட வேண்டும் என்கிற அவசரக்காரன். வந்து இரண்டு வருஷமாகியும் ஒருவரும் ஆராதனைக்கு வரவில்லை. ஏழு பிள்ளைகள் படித்தார்கள், அறுப்புக் காலத்தில் மூன்று பேர். மேலிடத்துக்கு அறிக்கை எழுதும்போதெல்லாம் வெட்கமாக இருக்கும்.

ஊருக்கு ஒரே ஊற்று. பலா மரத்தடியில் பாறை இடுக்கிலிருந்து விரல் கனத்துக்குத் தண்ணீர் வரும். பெண்கள் பானைகளை வரிசையில் வைத்துக் காத்திருப்பார்கள். ஒரு பானை நிரம்புவதற்குள் வேதத்தில் ஒரு அதிகாரம் வாசித்துவிடலாம். அதை ஆழப்படுத்திச் சிமெண்டுத் தொட்டி கட்டிக் கொடுத்தால் ஜனங்கள் கர்த்தரண்டை வருவார்கள் என்று நான் முடிவு செய்தேன். கர்த்தரைக் கேட்கவில்லை.

ஊராருக்கு ஒரு வழக்கம் உண்டு. ஊற்றில் இரும்பு படக்கூடாது. தூர் எடுப்பதும் கையாலும் மரக்குச்சியாலும்தான். பக்கத்து வீட்டுச் சடையன் சாமை விதைக்கிறவன், ஏறக்குறைய என் வயது. நான் கடப்பாரையோடு நிற்பதைப் பார்த்துவிட்டான்.

“ஏனுங்க வாத்தியாரே, அதெல்லாம் வேண்டாமுங்க. அது கூச்சப்படும்.”

“தண்ணிக்கு என்னப்பா கூச்சம்?”

“படிச்சவங்களுக்கு இல்லாம இருக்கலாமுங்க. தண்ணிக்கு இருக்குதுங்க.”

நான் சிரித்தேன். பங்குனியில் ஊரார் ஆலத்தூர் நாட்டுத் திருவிழாவுக்குப் போயிருந்த ஒரு பகலில் கடப்பாரையைப் போட்டேன். மலையடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டியிலிருந்து தலைச்சுமையாக வந்த சிமெண்டு மூட்டை பக்கத்தில் தயாராக இருந்தது. ஐந்தாவது குத்தில் பாறைக்கு அடியில் இருந்த களிமண் படுகை பிளந்தது. தண்ணீர் ஒரு தரம் பொங்கியது. நான் ஸ்தோத்திரம் என்றேன். பிறகு அது அப்படியே உள்ளே இறங்கிப் போய்விட்டது.

திரும்பி வந்தவர்கள் என்னை அடிக்கவில்லை. அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். பெண்கள் பானையை எடுத்துக்கொண்டு பள்ளத்து ஓடைக்கு இறங்கினார்கள். போக ஒரு மணி நேரம், பானையோடு ஏறிவர இரண்டு மணி. சடையன் மனைவி அங்கம்மாள் அப்போது எட்டு மாதக் கர்ப்பிணி. அவளும் இறங்கினாள். சித்திரை அமாவாசைக்குள் தண்ணீர் வராவிட்டால் ஊரைக் காலி செய்துகொண்டு ஆலத்தூர் நாட்டு உறவினர்களிடம் போய்விடுவது என்று ஊரார் பேசி முடித்தார்கள். என் ஒருவனால் பதினோரு வீடுகள் பூட்டப்படும்.

நான் சும்மா இருப்பேனா? இன்னும் தோண்டினேன். உபவாசம் இருந்தேன். முழங்காலில் நின்று கத்தி ஜெபித்தேன். தேவனே, இன்றைக்கே, இந்த மணி நேரத்திலேயே என்று அவருக்குக் கெடு வைத்தேன். தோண்டத் தோண்ட ஊறியதெல்லாம் சேறு. உள்ளங்கைகள் கிழிந்தன. இரண்டாம் வாரம் மலைக்காய்ச்சல் வந்து பாயில் விழுந்தேன். சகோதரரே, அந்த அலுப்பை எப்படிச் சொல்வேன். ஜெபிக்க வாய் வரவில்லை. அழவும் தெம்பில்லை.

தலைமாட்டில் ஒரு புத்தகம் கிடந்தது. ரங்கூனில் குமாஸ்தாவாக இருக்கும் என் நண்பன், பக்கத்து வீட்டுச் சீனக்காரர் கொடுத்தது என்று அனுப்பியிருந்தான். சீன தேசத்துப் பழைய ஞானி ஒருவர் சொன்னவை, இங்கிலீஷ் மொழிபெயர்ப்பு. அதைக் கண்டித்து ஒரு கட்டுரை எழுதத்தான் வைத்திருந்தேன். குற்றம் கண்டுபிடிக்க ஓரங்களில் பென்சில் கோடுகள்கூடப் போட்டிருந்தேன். காய்ச்சலில் வேறு வேலை இல்லாமல் அதைத் திறந்தேன்.

அந்த ஞானி வழி என்று ஒன்றைச் சொல்கிறார். அது தண்ணீரைப் போலத் தாழ்ந்த இடத்தைத் தேடுமாம். எனக்கு இடுப்பில் துண்டைக் கட்டிச் சீஷருடைய கால்களைக் கழுவினவரின் நினைவு வந்தது. பாத்திரம் உதவுவது அதில் உள்ள வெற்றிடத்தால்தான் என்கிறார். தம்மை வெறுமையாக்கி அடிமையின் ரூபம் எடுத்தவரை நினைத்தேன். நெருக்குகிறவன் கெடுப்பான், கலங்கிய நீரை அப்படியே விட்டால் தானே தெளியும் என்கிறார். காட்டுப் பூக்கள் உழைக்காமல் உடுத்திருப்பதைப் பாருங்கள் என்றவரும், படகில் அலைக்கு நடுவே தூங்கினவரும் என் கர்த்தர்தானே. ஞாயிறுதோறும் ஆளில்லாத கூடத்தில் நான் பிரசங்கித்தது இதுதானே. பிரசங்கித்தேன், நானே கேட்கவில்லை.

இரண்டும் ஒன்று என்று நான் சொல்ல வரவில்லை. அந்த வழிக்கு முகம் இல்லை, கூப்பிட்டால் என்னவென்று கேட்காது. எனக்கோ பிதா உண்டு. ஆனாலும் என் பிதா வெகுநாளாகச் சொல்லிக்கொண்டிருந்த ஒன்றை, அவரை அறியாத மனுஷர் ஒருவர் வாயிலிருந்து கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது. அன்று மத்தியானம் நான் செய்த ஜெபம் இவ்வளவுதான்: ஆண்டவரே, என்னால் முடியவில்லை. கையை எடுத்துவிடுகிறேன்.

மறுநாள் தடியூன்றிக்கொண்டு சடையன் வீட்டுக்குப் போனேன். “நான் இனிமேல் தொடமாட்டேன். என்ன செய்யணும்னு நீ சொல்லு” என்றேன். இரண்டு வருஷத்தில் அவனிடம் நான் எதையும் கேட்டது அதுவே முதல் தடவை.

“அட, வாத்தியாருக்கு இப்பத்தான் கை வலிக்குதாக்கும்” என்றான்.

உள்ளிருந்து அங்கம்மாள், “காய்ச்சக்காரரை நிக்கவெச்சுப் பேசாதீங்க” என்று கஞ்சி கொண்டுவந்தாள். பள்ளத்திலிருந்து அவள் சுமந்து வந்த தண்ணீரில் வைத்த கஞ்சி. ஒரு சொட்டும் சிந்தாமல் குடித்தேன்.

மூன்று ஆண்கள் வந்து நான் பெயர்த்த கற்களை எடுத்தார்கள். புற்றுமண்ணைக் குழைத்துப் பிளவில் கையால் அடைத்தார்கள். மேலே தழை போட்டு மூடினார்கள். இனி ஒன்பது நாள் ஒருவரும் அந்தப் பக்கம் போகக்கூடாது, எட்டிப் பார்க்கவும் கூடாது என்றான் சடையன்.

“வந்துடுமா?” என்றேன்.

“தெரியாதுங்க. எங்கப்பன் காலத்துல இப்படி அடைச்ச ஊத்து ஒண்ணு வரவே இல்லீங்க. நீங்க உங்க சாமிகிட்டச் சொல்லுங்க, நாங்க எங்க சாமிகிட்டச் சொல்றோம். யாரு கேட்டாங்கன்னு அப்பறம் சண்டை போட்டுக்கலாம்.”

அந்த ஒன்பது நாள்போல என் ஆயுசில் வேறில்லை. பள்ளிக்கூட வாசலிலிருந்து பார்த்தால் பலா மரம் தெரியும். பிள்ளைகளை வாய்ப்பாடு சொல்லச் சொல்லிவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருப்பேன். ஐந்தாம் நாள் பாதி தூரம் நடந்தும் போய்விட்டேன். அங்கேயே ஒரு கல்லின்மேல் உட்கார்ந்து, ஆண்டவரே என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பினேன். வேறு வார்த்தை வைக்கவில்லை. கெடு வைக்கவில்லை. அன்றுதான் நான் ஜெபிக்கக் கற்றேன் என்று நினைக்கிறேன். மழை ஒரு துளியும் இல்லை.

எட்டாம் நாள் மாலை அங்கம்மாளின் ஆடு கட்டை அவிழ்த்துக்கொண்டு பலா மரத்துப் பக்கம் போய்த் திரும்பியது. அவள் அதன் தாடையைத் தடவிப் பார்த்தாள். “ஈரமா இருக்குதுங்க வாத்தியாரே” என்றாள், மெதுவாக. ஒருவரும் ஓடவில்லை. நானும் ஓடவில்லை. ஒன்பதும் முடியட்டும் என்றான் சடையன்.

பத்தாம் நாள் காலை தழையை விலக்கினார்கள். தண்ணீர் வந்துகொண்டிருந்தது, பழைய விரல் கனத்துக்கே, தெளிந்து. அமாவாசைக்கு இன்னும் நாலு நாள் இருந்தது.

ஒரு வீடும் பூட்டப்படவில்லை. அங்கம்மாளுக்குப் பெண் பிறந்து சுகமாக இருக்கிறாள். ஊரில் இன்றுவரை ஒருவரும் ஞானஸ்நானம் கேட்கவில்லை, இதை மறைக்க மாட்டேன். கண்டனக் கட்டுரையை நான் எழுதவுமில்லை. இப்போது தினமும் என் பானையை நானே கொண்டுபோய் வரிசையில் கடைசியாக வைக்கிறேன். முன்பெல்லாம் பள்ளிக்கூடத்துப் பானை என்று முதலில் வைப்பேன். காத்திருக்கிற நேரத்தில் பெண்கள் தங்கள் வீட்டுக் கஷ்டங்களைச் சொல்கிறார்கள், நான் கேட்கிறேன். போன வாரம் சடையன், “அந்த அஞ்சாம் நாளு கல்லு மேல உக்காந்து உங்க சாமிகிட்ட என்னங்க சொன்னீங்க?” என்றான். ஒன்றும் சொல்லவில்லை, கூப்பிட்டேன், அவ்வளவுதான் என்றேன்.

இதை வாசிக்கிற உங்களில் யாராவது என்னைப்போல் ஜெபித்து ஜெபித்தே களைத்திருந்தால், அவரை நம்பி அவருக்குப் பக்கத்தில் கொஞ்சம் உட்காருங்கள். சொல்ல ஒன்றும் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. நான் உட்கார்ந்தேன். அவர் இருந்தார்.