அளவுக்கு நின்றவள்

கிள்ளையில் ஒரு படகுத்துறை, புவனகிரியில் வெள்ளாற்றுப் பாலத்தின் தூண், சிதம்பரம் பக்கத்தில் ஒரு வாய்க்கால் மதகு. இணையக் கலைக்களஞ்சியத்தில் இவற்றைப் பற்றிய கட்டுரைகளில் இருக்கும் படங்கள் நான் எடுத்தவை. ஓய்வு பெற்ற பிறகு கடலூர் செம்மண்டலத்து வீட்டில் உட்கார்ந்து மனைவியிடம் வம்பு வளர்ப்பதற்குப் பதில் இந்த வேலையை இழுத்துப் போட்டுக்கொண்டேன். சம்பளம் கிடையாது, பாராட்டும் கிடையாது. தப்பு செய்தால் மட்டும் முகம் தெரியாத நாலு பேர் உடனே வந்துவிடுவார்கள். படம் என் பொறுப்பு. எழுதுவது சிதம்பரத்தில் இருக்கும் ஒரு பள்ளி ஆசிரியை. எட்டு வருஷத்தில் அவரை இரண்டு முறைதான் நேரில் பார்த்திருக்கிறேன்.

தூண் எவ்வளவு பெரியது என்று தெரிந்தால்தானே அவர் எழுத முடியும்? அதற்குத்தான் என் மனைவி. அவள் சரியாக ஐந்தடி. பக்கத்தில் நிற்கவைத்து எடுத்தால், தோராயமாக உயரம் பிடிபட்டுவிடும்; அதை அவருக்குச் சொல்லிவிடுவேன். முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு வெயிலில் நிற்பாள். "ஊர்ல இருக்கற தூணுக்கெல்லாம் என்னைக் கொண்டாந்து நிக்க வெக்கிறீங்க. முட்டி நோவுதுங்க" என்பாள். ஆனால் கிளம்பும் நாளில் எனக்கு முன்னால் செருப்பை மாட்டிக்கொள்கிறவளும் அவள்தான்.

உயரம் தெரிந்ததும் படத்திலிருந்து அவளை வெட்டிவிடுவேன். தூணைப் பார்க்க வருகிறவருக்கு என் மனைவி எதற்கு? எனக்கு எதிலும் சுத்தம் வேண்டும். அலுவலகத்தில் யாருக்கும் என்னைப் பிடிக்காமல் போனதும் அதனால்தான். வெட்டியதை ஏற்றிவிட்டு, போனில் இடம் போதவில்லை என்று முதலில் எடுத்ததை அழித்துவிடுவேன். வருஷக்கணக்கில் அப்படித்தான் செய்தேன்.

இந்த வருஷம் ஒரு காலையில் நெஞ்சை அடைக்கிறது என்றாள். மத்தியானம் அவள் இல்லை.

பதினாறாம் நாள் காரியத்தில் படத்திறப்பு வைக்க வேண்டும். மகள் வந்து கேட்டாள். "அம்மா போட்டோ நல்லதா ஒண்ணு குடுப்பா. உங்கிட்ட இல்லாததா?"

என்னிடம் இல்லை. கல்யாண ஆல்பத்தில் இருபது வயதுப் பெண் இருந்தாள். ஆதார் அட்டையில் யாரோ ஒருத்தி முறைத்தாள். மகளின் போனில் பேரனைத் தூக்கிக்கொண்டு அவன் தலைக்குப் பின்னால் பாதி மறைந்திருந்தாள். என் போனில் தூணும் மதகும் மரமும்தான். ஒரு படத்தின் ஓரத்தில் மட்டும் நாலு விரலும் இரண்டு வளையலும் வெட்டுப்படாமல் தப்பியிருந்தன. அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஊர் உலகத்துக்கெல்லாம் படம் கொடுத்துவிட்டு, கட்டியவள் முகம் ஒன்று கையில் இல்லாமல் உட்கார்ந்து அழுதேன். வெட்கமாக இருந்தது. அதைவிட ஆத்திரம், என் மேல்தான்.

ஆசிரியை துக்கம் விசாரிக்கக் கூப்பிட்டபோது இதைச் சொல்லிவிட்டேன்.

"சார், ஆரம்பத்துல நீங்க வெட்டாமலேதான் ஏத்துவீங்க. அப்புறம்தான் மாத்துனீங்க. மேல வேற படம் ஏத்துனாலும் அந்தத் தளத்துல பழசு அழியாது. நீங்க அலையாதீங்க, நான் தேடிப் பாக்கறேன்."

மூன்று நாள், பள்ளி விட்டு வந்து, நான் ஏற்றிய படங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பழைய வடிவங்களைத் தேடியிருக்கிறார். நான்காம் நாள் போனுக்கு ஒரு படம் வந்தது.

கிள்ளைப் படகுத்துறை. கம்பத்தில் ஒரு கையை வைத்துக்கொண்டு, என்னிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தவள் போலச் சிரிக்கிறாள். முகம் முழுசாக இருந்தது. நெற்றி வியர்வைகூடத் தெரிந்தது. அதைத்தான் பெரிதாகப் போட்டு மாலை சாத்தினோம். எதிரில் நிற்கிற மாதிரியே இருக்கிறது என்று வந்தவர்கள் சொன்னார்கள். இவ்வளவு அழகாக எடுத்திருக்கிறீர்களே மாமா என்று அவள் தம்பி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

காரியம் முடிந்து மகளும் ஊருக்குப் போன பிறகு, அந்தப் படத்தை நானே இறக்கி பத்திரமாக வைத்துக்கொள்ளலாம் என்று அதன் பக்கத்துக்குப் போனேன். அடியில் அந்தப் படம் மாறிய வரலாறு இருந்தது, இரண்டே வரிசை. கீழே பழைய படம், அவளோடு. மேலே புதியது, அவள் இல்லாமல். மாற்றியவர் என்ற இடத்தில் என் பெயர். காரணம் என்ற இடத்தில், அன்றைக்கு நான் தட்டியது: "தேவையற்ற பகுதி நீக்கப்பட்டது."

ஆசிரியையைக் கூப்பிட்டேன். அதைப் பார்த்தீர்களா என்று மட்டும் கேட்டேன்.

"பாத்தேன் சார். அதான் லிங்க் அனுப்பாம படத்த மட்டும் அனுப்புனேன்."

நிர்வாகிகளிடம் சொன்னால் அந்த வரியை மறைத்துவிடுவார்கள், கேட்கட்டுமா என்றார். வேண்டாம் என்றேன். எழுதியவன் நான்தானே. அவள் அதைப் படித்திருந்தால் கோபப்பட்டிருக்கக்கூட மாட்டாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.