மஞ்சள் விளக்கும் ஹாரன் டீச்சரின் வாயும்

அந்த வட்டாரத்தில் கார் ஓட்டும் பெண்களில் பாதிப் பேர் ஹாரன் டீச்சரிடம் திட்டு வாங்கியவர்கள். மீதிப் பேர் வாங்கப் போகிறவர்கள். டிரைவிங் ஸ்கூல் என்று போர்டுதான் பெரிசு. உள்ளே இருப்பது கணவரின் தையல் கடையிலிருந்து தடுத்து வாங்கிய பாதி அறை, ஒரு மேசை, இரண்டு நாற்காலி, வாசலில் ஒரு பழைய வெள்ளைக் கார். ஒருமுறை காரின் ஹாரன் கெட்டுப்போன வாரத்தில், ஜன்னலைத் திறந்து டீச்சர் கொடுத்த குரலுக்கே லாரிகள் ஒதுங்கினவாம். பெயர் அப்போது ஒட்டிக்கொண்டது. அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமைதான்.

கோபக்காரி என்று நினைத்துவிடாதீர்கள். மனதில் பட்டதை அந்த நிமிடமே சொல்லாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது, அவ்வளவுதான். சொல்லிவிட்டால் அடுத்த நிமிடம் மறந்துவிடுவார். வாங்கிக்கொண்டவர்கள்தான் பாவம், நாலு நாள் நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

நர்ஸம்மா அப்படி நாலு நாள் நினைக்கிற ரகம். நாற்பது வயது. படுக்கையிலும் நாற்காலியிலும் கிடக்கிற நோயாளிகளை வீடு தேடிப் போய்ப் பார்க்கிற வேலை. பஸ்ஸில் அலைந்து ஒரு நாளைக்கு நாலு வீடு பார்ப்பதற்குள் நாக்குத் தள்ளிவிடும். இப்போது ஆஸ்பத்திரி அந்த வேலைக்கென்று ஒரு கார் வாங்கியிருந்தது. திங்கட்கிழமைக்குள் லைசென்ஸ் காட்டினால் கார் அவருக்கு. இல்லாவிட்டால் வேறொரு நர்ஸுக்குக் கொடுத்துவிட்டு இவரை வார்டுக்கு மாற்றிவிடுவார்கள். எட்டு வருஷமாகப் பார்த்துவந்த நோயாளிகளை அப்படியே விட்டுவிட வேண்டியதுதான்.

ஏற்கெனவே இரண்டு முறை தேர்வில் தோற்றாயிற்று. முதல் முறை, காற்றில் பறந்து வந்த குடைக்குப் பயந்து நடுரோட்டில் நின்றுவிட்டார். அது விதி. இரண்டாவது முறை நடந்தது டீச்சரின் வாய் செய்த வேலை. தேர்வு மைதானத்து வாசலில் வைத்து, "பின்னாடி என்ன வருதுன்னு கண்ணாடியைப் பார்க்கவே மாட்டேங்கறீங்களே! கண்ணு எதுக்கு இருக்கு?" என்று ஒரு சத்தம் போட்டார். உள்ளே போன நர்ஸம்மா தேர்வு முழுக்கக் கண்ணாடியை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தார். எதிரே எல்லைக்காக வைத்திருந்த பிளாஸ்டிக் கூம்பு நசுங்கிப்போனது. டீச்சர் அதை யாரிடமும் ஒப்புக்கொள்ளவில்லை, ஆனால் உள்ளுக்குள் குத்திக்கொண்டே இருந்தது.

மூன்றாவது தேர்வு வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு. ஏழரைக்கு டீச்சர் காரை ஸ்டார்ட் செய்தார். சாவியைத் திருப்பியதும் டேஷ்போர்டில் எல்லா விளக்கும் ஒருமுறை எரிந்து, எஞ்சின் ஓட ஆரம்பித்ததும் அணைய வேண்டும். அணைந்தன, ஒன்றைத் தவிர. எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு மட்டும் அசையாமல் எரிந்துகொண்டிருந்தது.

"அடக் கடவுளே, இன்னைக்கா நீ!" என்று காரைத் திட்டிவிட்டு, பாடம் நடத்துவதுபோல் தனக்குத் தானே கேள்வி கேட்டுக்கொண்டார். விளக்கு கண் சிமிட்டுகிறதா? இல்லை. சிமிட்டினால் உடனே ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்திவிட வேண்டும். ஆயில் விளக்கு? அணைந்திருந்தது. எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. இறங்கி பானட்டைத் திறந்து காது கொடுத்தார், மோந்து பார்த்தார். குலுக்கலும் இல்லை, தீய்ந்த வாடையும் இல்லை. அப்படியானால் மெக்கானிக் வரை மெதுவாக ஓட்டிப் போகலாம். ஆனால் எச்சரிக்கை விளக்கு எரிகிற வண்டியைத் தேர்வு அதிகாரி மைதானத்துக்குள்ளேயே விடமாட்டார். அடுத்த தேதி கிடைக்க இரண்டு மாதம் ஆகும்.

தையல்காரர் கழுத்தில் டேப்போடு வந்து எட்டிப்பார்த்தார். "இதுக்கா இவ்வளவு கவலைப்படறே? கறுப்புத் துணியில நகம் அளவுக்கு வெட்டித் தர்றேன், மேல ஒட்டிடு. யாருக்குத் தெரியப்போகுது?"

"ஏங்க, உங்களுக்குக் காய்ச்சல் வந்தா தெர்மாமீட்டரைத் தூக்கிக் கிணத்துல போட்டுடலாமா?"

"நல்லதுக்குச் சொன்னேன்மா" என்று அவர் தையல் மிஷினுக்குத் திரும்பிவிட்டார்.

மெக்கானிக் அப்போதுதான் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தார். ஸ்டியரிங்குக்குக் கீழே கோளாறைக் காட்டும் ஸ்கேனரைச் செருகினார், திரையைப் பார்த்தார், சிரித்தார். "எஞ்சினுக்கு ஒண்ணும் இல்ல டீச்சர். பெட்ரோல் ஆவி எங்கேயோ கசியுதுன்னு சொல்லுது. கடைசியா பெட்ரோல் போட்டது யாரு?"

பின்பக்கம் போய் டேங்க் மூடியில் ஒரு விரலை வைத்தார். விரலோடு மூடியும் சுழன்றது. "பார்த்தீங்களா? டக்கு டக்குன்னு சத்தம் வர்ற வரைக்கும் திருகணும். இது சும்மா மேல உட்கார்ந்திருக்கு." மூடியைக் கழற்றி ரப்பர் வளையத்தைத் தடவிப்பார்த்தார். விரிசல் இல்லை. இறுக்கி மூடி, விளக்கை ஸ்கேனரால் அணைத்தார். "காரணம் இதுதான்னா திரும்ப எரியாது. எரிஞ்சா மறைக்காம எடுத்துட்டு வாங்க."

யார் போட்டது என்று கேட்கவேண்டுமா? தேர்வுக்கு முந்தின இரண்டு நாள் காரைக் கழுவுவது, டயருக்குக் காற்றடிப்பது, பெட்ரோல் போடுவது எல்லாம் தேர்வுக்குப் போகிறவர் பொறுப்பு. அது டீச்சரே வைத்த சட்டம். முந்தாநாள் பெட்ரோல் போட்டு, தானே இறங்கி மூடியவர் நர்ஸம்மா.

வழியெல்லாம் டீச்சருக்கு நாக்கு துறுதுறுத்தது. ஒரு மூடியை மூடத் தெரியாதா! உயிரைக் காப்பாத்தற வேலையில இருக்கிறவங்களாம்! வாக்கியங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் நின்றன. ஆனால் சொன்னால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். இந்த முறை நர்ஸம்மா மூடியை நினைத்துக்கொண்டே ஓட்டுவார், இன்னொரு கூம்பு நசுங்கும். பத்தரை மணி வரை வாயைத் திறப்பதில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டார்.

தெருமுனையில் ஏறிக்கொண்ட நர்ஸம்மா ஐந்து நிமிடம் ஓட்டியதும் பதறிப்போனார். "என்ன டீச்சர், பேசவே மாட்டேங்கறீங்க? நான் ஏதாவது தப்பு பண்ணிட்டேனா?"

"ம்ஹூம்."

"உடம்பு சரியில்லையா?" சிக்னலில் நின்றதும் டீச்சரின் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தார். "படபடன்னு அடிக்குதே!"

"தொண்டை கட்டிக்கிச்சு" என்றார் டீச்சர். உடனே நர்ஸம்மாவின் கைப்பையிலிருந்து ஒரு மாத்திரை வந்தது. சப்பிக்கொண்டிருக்க ஏதோ கிடைத்ததே என்று அதை வாங்கி வாயில் போட்டுக்கொண்டார்.

மைதானத்து வாசலில் அதிகாரி சாவியைத் திருப்பி டேஷ்போர்டைப் பார்த்தார். பெஞ்சில் உட்கார்ந்திருந்த டீச்சர் மூச்சை அடக்கிக்கொண்டார். அதிகாரி தலையை ஆட்ட, கார் வாசலைத் தாண்டிப் போனது. இருபது நிமிடம் அவருக்கு இருபது வருஷமாக நகர்ந்தது. திரும்பி வந்த காரிலிருந்து நர்ஸம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே இறங்கினார். டீச்சர் பெஞ்சிலிருந்து எழுந்து ஓடினார்.

"பாஸ் டீச்சர்!"

அவ்வளவுதான், மடை திறந்தது. "பாஸாம்! பெட்ரோல் மூடியைச் சும்மா மேல வச்சிட்டு வந்துட்டு பாஸா! காலையில எஞ்சின் விளக்கு எரிஞ்சு எனக்கு உயிரே போயிடுச்சு தெரியுமா? மூடியை இறுக்கி மூடற பழக்கமே கிடையாதா உங்களுக்கு?" மைதானமே திரும்பிப் பார்த்தது.

நர்ஸம்மாவின் முகம் சுருங்கியது. "கிடையாது டீச்சர்" என்றார் மெதுவாக. "நான் பார்க்கிறவங்களுக்குக் கையில பலம் இருக்காது. நடுங்கும். மருந்து பாட்டிலை இறுக்கி மூடிட்டு வந்தா, அடுத்த தடவை நான் போற வரைக்கும் அது திறக்காது. ஒரு அம்மா ரெண்டு நாள் மருந்தில்லாம கிடந்தாங்க. அதுக்கப்புறம் எந்த மூடியையும் என் கை தானா லூஸாத்தான் மூடும். காருக்கும் அப்படியே மூடிட்டேன்போல."

 டீச்சர் நர்ஸம்மாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "உங்ககிட்ட வைத்தியம் பார்த்துக்கறவங்க கொடுத்து வச்சவங்கம்மா. இன்னைக்கே லைசென்ஸை வாங்கிட்டுப் போய்க் காட்டுங்க, அந்தக் காரை வேற யாருக்கும் விட்டுடாதீங்க" என்றார். அவர் குரல் இவ்வளவு சன்னமாக வரும் என்று அந்த மைதானத்தில் யாருக்கும் தெரியாது.