சட்டையை மோந்து பார்க்கச் சொன்ன மல்லிகா அக்கா

எங்கள் ஷூ கம்பெனியில் செல்போனை கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். அதனால் மல்லிகா அக்கா வேலூர் ஆஸ்பத்திரியில் காலமான செய்தியை டீ நேரத்தில் சூப்பர்வைசர்தான் வந்து சொன்னார். ஒட்டும் டேபிளில் நாங்கள் ஆறு பேர். எழுந்திருக்கும் முன் ஆறு பேரும் சொல்யூஷன் டப்பாக்களை இறுக்கி மூடினோம். அது அவர் எங்களைப் பழக்கிய பழக்கம்.

தோல் ஒட்டும் அந்தச் சொல்யூஷன் வாசனை ஆம்பூரில் பாதி வீட்டுத் துணிகளில் இருக்கும். ஒரே மகன் தினேஷ் மேல் அது அடித்தபோது, தன் புடவை வாசனை என்றே அக்கா இருந்துவிட்டார். வீட்டில் ஒட்டுவதற்கு அவரே கொண்டுபோன டப்பாவை போதைக்காக மோந்து மோந்து, பத்தொன்பது வயதில் பையன் போய்விட்டான்.

மாரடைப்பு என்று சொல்லும்படி சொந்தக்காரர்கள் சொன்னார்கள். அவரும் கொஞ்ச நாள் அப்படியே சொன்னார். துக்கம் கேட்க வந்த ஒருத்தி, "கஷ்டப்படாம போய்ட்டான்" என்றதும் அவருக்குப் பொறுக்கவில்லை.

"இல்லம்மா. சொல்யூஷன மோந்துதான் செத்தான். என் மூக்குக்குக் கீழயே."

மறுநாளே மேனேஜர் முன் நின்றார். "டப்பா வெளிய போவக்கூடாது சார். போனா நான் உள்ள வரமாட்டேன்." இரண்டு நாள் கேட்டிலேயே நின்றார். மூன்றாம் நாள் பூட்டு போட்ட பீரோ வந்தது. சாவி அவர் இடுப்பில் ஏறியது.

துக்கம் குறைந்ததா என்று ஒருமுறை கேட்டேன். "கம்மி ஆவல. நான்தான் கெட்டி ஆயிட்டேன்" என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்கு வந்தார். "கோச்சிக்காத. உன் பையன் சட்டைய மோந்து பாரு. லீவு நாள்ல பாரு, அன்னிக்கி உன் மேல வாசன இருக்காது."

"உன் புள்ள செத்தா என் புள்ளயும் அப்டியா?" என்று கேட்டுவிட்டேன். அந்தப் பாவத்தை இப்போதும் சுமக்கிறேன். அவர் எழுந்து போனார். அதன்பின் நான் முகம் கொடுக்கவில்லை. ஆனாலும் கம்பெனி வேனில் எனக்கு இடம் பிடித்து வைப்பதை அவர் விடவில்லை.

பொங்கல் லீவில், மூன்றாம் நாள், என் புடவையில் மஞ்சள் வாசனைதான் இருந்தது. என் பையன் பிரவீன் சட்டையை எடுத்து மோந்தேன். அப்படியே அவர் வீட்டுக்கு ஓடினேன்.

நான் சொன்னேனே என்று ஒரு வார்த்தை இல்லை. "அழுவாத. வண்டி புடிக்கலாம் வா" என்றார். வேலூரில் போதை மீட்பு ஆஸ்பத்திரியில் அவனைச் சேர்த்தோம். வாரம் தவறாமல் என்னோடு வந்தார். அவன் தெளிந்து திரும்பிய அன்று அவன் தலையைத் தடவி, "தினேசு, தினேசு" என்று அழுதார். அதற்கு முன் அவர் அழுது நான் பார்த்ததில்லை.

நேற்று பாடையைத் தூக்கிய நால்வரில் பிரவீனும் ஒருவன். சுடுகாட்டிலிருந்து வந்தவனைக் குளிக்கும் முன் வாசலிலேயே நிறுத்தி, சட்டையை மோந்து பார்த்தேன்.

"இன்னாமா, இன்னுமா?" என்றான்.

"ஆமாண்டா. நான் சாவுற வரைக்கும்."

வேர்வையும் சாமந்தியும்தான், அக்கா. பீரோ சாவி இப்போது என் இடுப்பில் இருக்கிறது. நீங்கள் நிம்மதியாகப் போய் வாருங்கள்.