தான் வைத்ததைத் தானே எடுத்தவள்

அலுவலகத்தில் அவளுக்குக் கத்தரி அக்கா என்று பெயர். நேரில் வெறும் அக்காதான். அவள் தண்ணீர் பிடிக்க எழுந்துபோன பிறகுதான் முன்னால் கத்தரி வந்து ஒட்டிக்கொள்ளும். அது அவள் காதுக்கும் எட்டியிருந்தது. கேட்டும் கேளாததுபோல் இருந்துவிடுவாள். இதற்கெல்லாம் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ளவும் தெம்பு வேண்டுமே.

புரோகிராம் எழுதுகிறவர்களுக்கான எடிட்டர் ஒன்றைத் தயாரிக்கும் நிறுவனம் அது. தச்சனுக்குப் பட்டறை எப்படியோ அப்படித்தான் புரோகிராமருக்கு எடிட்டர். பொழுதுக்கும் அதற்குள்ளேதான் குடியிருப்பு. அதில் புதிய வசதிகளைச் சேர்க்கக் கூடம் நிறைய ஆட்கள் இருந்தார்கள். பழையவற்றை எடுக்க அவள் ஒருத்திதான். பழுதுபார்க்க ஆளில்லாததும், புதியதற்குக் குறுக்கே கிடப்பதும் அவள் மேசைக்கு வந்து சேரும். அதைப் பிடுங்க வேண்டும். ஏன் பிடுங்கினோம் என்று எழுதிவைக்க வேண்டும். பிறகு வரும் வசவுக்கும் அவளே பதில் சொல்ல வேண்டும். சேர்த்தவனுக்குக் கைதட்டல், எடுத்தவளுக்கு ஏச்சு. எந்த வசதியாக இருந்தாலும் அதை உயிராய் நினைக்கிற ஒரு ஆள் உலகத்தில் எங்காவது இருந்தே தீருவான் என்பதுதான் இத்தனை வருடத்தில் அவள் கற்றது.

ஒருநாள் மேலாளர் வந்து மேசை ஓரத்தில் சாய்ந்து நின்றான். மகன் வயதில்லை என்றாலும் தம்பியைவிடவும் சின்னவன். பதிவு வசதியை எடுத்துவிடலாம் என்று முடிவாகியிருப்பதாகச் சொன்னான். ஒரே திருத்தத்தைப் பல இடங்களில் செய்ய வேண்டியிருந்தால் ஒருமுறை செய்து காட்டினால் போதும், எடிட்டர் அதைப் பதிந்துகொண்டு மற்ற இடங்களில் தானே செய்துவிடும். அதுதான் பதிவு வசதி. பதிந்ததை அடுத்தவருக்கு அனுப்பவும் முடியும். வம்பு அங்கேதான் வந்தது. யாரோ ஒரு விஷமி அனுப்பிய பதிவை ஓடவிட்ட ஒருவரின் கணினியில் கோப்புகள் எல்லாம் துடைத்தெடுத்ததுபோல் போய்விட்டன.

அவளுக்கு வேலை அதிகம் என்பதால் இதைப் புதிதாகச் சேர்ந்தவரிடம் கொடுத்துவிடுவதாக அவன் சொன்னான்.

"வேணாம். நானே எடுத்துடறேன்," என்றாள். சற்றுப் பொறுத்து, "அத எழுதினதே நான்தான்," என்றாள்.

மேலாளரின் முகம் சுருங்கியது. "எனக்குத் தெரியாதுக்கா."

"தெரிஞ்சிருந்தா மட்டும்? எடுக்கத்தானே வேணும்."

"ஆமாக்கா," என்றான். அந்தமட்டுக்கு உண்மையானவன்.

மகள் வயிற்றிலிருந்தபோது எழுதியது அது. வீங்கிய கால்களைக் கவிழ்த்த அட்டைப்பெட்டியின் மேல் நீட்டிக்கொண்டு தட்டிய நாட்கள். அப்போது அவள் சேர்க்கிற பக்கத்தில் இருந்தாள். இப்போது அந்த மகளே வேலைக்குப் போய்விட்டாள்.

எடுப்பதற்கு முன், விஷமிகள் நுழையும் அந்த ஓட்டையை அடைத்துவிட முடியுமா என்று ஒரு வாரம் மல்லுக்கட்டிப் பார்த்தாள். எலி வளைபோல, இங்கே அடைத்தால் அங்கே திறந்துகொண்டது. கடைசியில் எல்லாவற்றையும் வழித்தெடுத்தாள். புதிய பதிப்பு வெளியானது.

மதகைத் திறந்துவிட்டதுபோல் புகார்கள் வந்தன. கெஞ்சினார்கள், மிரட்டினார்கள், குலத்தை இழுத்தார்கள். ஒருவர் எழுதியிருந்தார்: இதை எடுத்த ஆள் தன் வாழ்நாளில் ஒரு வரி புரோகிராம்கூட எழுதியிருக்க மாட்டார். அவள் கை விசைப்பலகை வரை போய் நின்றது. பிறகு வழக்கம்போல, தங்கள் சிரமம் புரிகிறது என்று தொடங்கினாள். அந்த வாக்கியம் எழுதி எழுதிச் சக்கையாகியிருந்தது. உண்மையிலேயே புரிந்த இந்த ஒருமுறையும் வேறு வாக்கியம் அகப்படவில்லை.

அவள் கணவர் பொய்ப்பல் செய்யும் கூடத்தில் வேலை பார்ப்பவர். சாப்பிடும்போது அவள் தட்டைப் பார்த்தபடியே இருப்பதைக் கவனித்துவிட்டு என்னவென்று கேட்டார். சொன்னாள்.

"சொத்தப் பல்லத்தான் புடுங்கினே. இருந்தாலும் நாக்கு அந்த ஓட்டையத்தான் தேடும். கொஞ்ச நாள் தேடட்டும் விடு."

"என் நாக்கும்ல தேடுது," என்றாள். அவர் தண்ணீரை அவள் பக்கம் நகர்த்தினார்.

புகார் எழுதியவர்களில் ஒருவர் மட்டும் திட்டவே இல்லை. பேருந்து நேரப் பட்டியல்களுக்கான புரோகிராமைக் கவனித்துக்கொள்பவர். வாரம் தவறாமல் பணிவாக எழுதுவார். அந்தப் பணிவுதான் அவளை அதிகம் களைக்கவைத்தது; திட்டுகிறவனையாவது மனதுக்குள் திருப்பித் திட்டலாம். ஒருநாள் அவளே அவரைத் தொலைபேசியில் அழைத்தாள். ஓட்டையைப் பற்றிச் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"நீங்க சொல்றது சரிதான் மேடம். ஆனா நேரம் மாறும்போதெல்லாம் ஒவ்வொரு வரியா நான் கையால திருத்தணும். எடுத்த பகுதியோட பழைய புரோகிராம் வரிகளையாவது குடுத்துடுங்களேன், நானே வச்சுப் பாத்துக்கறேன்."

அதற்காக அவள் மேலாளரிடம் நடையாய் நடந்தாள். தனக்கென்று எதுவும் கேட்காதவள் கேட்கிறாள் என்பதாலோ, தொல்லை விட்டால் போதும் என்பதாலோ, அந்த வரிகளைப் பொதுவில் வெளியிட அனுமதி கிடைத்தது. நேரப்பட்டியல்காரர் அதை எடிட்டரோடு சேர்த்துக்கொள்ளும் தனி இணைப்பாகக் கட்டி, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம் என்று அறிவித்தார். உலகமே அவரை வாழ்த்தியது. நிறுவனம் எடுத்ததை ஒரு தனி மனிதர் மீட்டார் என்று எழுதினார்கள். அவள் அதையும் படித்தாள்.

மழைக்காலம் போய் வெயில் தொடங்கியபோது அவர் அழைத்தார். குரலில் சோர்வு.

"எனக்கே இப்ப திட்டு வருது மேடம். அது ஓடல, இது ஓடலன்னு. ராத்திரி படுத்தா அதான் கனவு. அடுத்தவங்களுக்கு அனுப்பற பகுதிய மட்டும் எடுத்துட்டா பாதித் தொல்லை போயிடும், ஓட்டையும் அடைஞ்சிடும். ஆனா எடுத்தா கொன்னுடுவாங்க."

பாதியை மட்டும் எடுத்திருக்கலாம். அன்று அவளுக்கு அது தோன்றவே இல்லை. அடைக்கப் பார்த்தாள், முடியவில்லை, முழுதாக வெட்டினாள். வெட்டிப் பழகிய கைக்கு அதுதான் சுலபமாக இருந்தது.

"எனக்கு இது தோணல சார்," என்றாள்.

"உங்களுக்கு எத்தன வேலையோ," என்றார் அவர். ஆறுதலுக்குச் சொன்னதுதான். அவளுக்கு அது ஆறுதலாக இல்லை.

"எடுத்துடுங்க. அறிவிப்ப நான் எழுதித் தரேன். வர்ற திட்டுக்கு ரெண்டு பேருமா பதில் போடலாம்."

அன்று மாலை அறிவிப்பை எழுதினாள். எது போகிறது, எது இருக்கும், ஏன் என்பதோடு நிறுத்தினாள். சிரமம் புரிகிறது என்பதைச் சேர்க்கவில்லை. எதிர்பார்த்தபடியே திட்டுகள் வந்தன. பெயர்களின் அகரவரிசைப்படி பங்கு போட்டுக்கொண்டார்கள். முன்பாதி அவருக்கு, பின்பாதி அவளுக்கு. பின்பாதியில்தான் கோபக்காரர்கள் அதிகம் என்று அவள் குறைபட்டதற்கு, வேண்டுமானால் மாற்றிக்கொள்ளலாம் என்று அவர் பதில் அனுப்பினார். பரவாயில்லை, பழகிவிட்டது என்று எழுதிவிட்டு அடுத்த புகாரைத் திறந்தாள்.